பிரெட் மெஷினில் முழுக்கோதுமை பிரெட்: கேள்வி பதில்

மெஷினில் ஆட்டா பிரெட் போடுவது பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். அளவுகள் எல்லாம் 400 கிராம் மாவுக்கு.

கோவையிலிருந்து: அக்கா, மெஷினோடு வந்த புத்தகத்தில் இருந்தபடியே போட்டேன். மாவு மட்டும் வீட்டிலிருந்த சப்பாத்தி ஆட்டா. செங்கல் மாதிரி வந்தது. மெஷின் கோளாறா?

மெஷின் மேல் பழி போடாதீர்கள். அந்தப் புத்தகம் எழுதியவர்கள் மனதில் இருந்தது வேறு மாவு. நம் ஆட்டா சக்கியில் அரைபடும்போது மாவுச்சத்துத் துகள்கள் நிறைய உடைகின்றன. உடைந்த துகள் தண்ணீரை அதிகம் குடிக்கும். தவிடும் குடிக்கும், ஆனால் மெதுவாக. அதனால் முதலில் சரியாகத் தெரிந்த பதம், கால் மணி நேரத்தில் இறுகிவிடுகிறது. போதாததற்குத் தவிடு, மாவை இழுபட வைக்கும் கோதுமைப் புரதமான குளூட்டனின் இழைகளை அறுத்தும் விடும்.

நான் போடும் அளவு: தண்ணீர் 310 முதல் 330 மி.லி., எண்ணெய் 2 மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு 7 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், குளூட்டன் பொடி 20 கிராம். குளூட்டன் பொடியை உலர்ந்த மாவோடு முதலிலேயே கலந்துவிடுங்கள், பிறகு தூவினால் கட்டி கட்டிவிடும். இந்த மாவையும் தண்ணீரையும் மட்டும் மெஷினில் ஐந்து நிமிடம் சுற்றவிட்டு நிறுத்தி, அரை மணி ஊறவிடுங்கள். அப்புறம் மற்றதைச் சேர்த்து, ஹோல் வீட் புரோகிராமை முதலிலிருந்து ஓட்டுங்கள். தவிடு ஊறிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிசைய ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆனதும் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கக் கூடாது என்பது உப்பும்போதும் வேகும்போதும்தான். மாவு ஒரே உருண்டையாக, தொட்டால் விரலில் லேசாக ஒட்ட வேண்டும். டின்னின் சுவரெல்லாம் அப்பினால் ஒரு மேசைக்கரண்டி மாவு, உருண்டை வறண்டு டமடமவென்று அடித்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். சப்பாத்திப் பதம் வந்துவிட்டால் பிரெட்டுக்கு அது ரொம்பக் கெட்டி.

சென்னையிலிருந்து: மே மாதம் போட்டால் நடுவில் குழி விழுகிறது. டிசம்பரில் நன்றாகத்தான் வந்தது.

வெயில்தான் காரணம். உப்புவதற்கு மெஷின் கொடுக்கும் நேரம் எப்போதும் ஒன்றுதான். அடுக்களை 34 டிகிரியில் இருந்தால் ஈஸ்ட் முன்னதாகவே வேலையை முடித்துவிடும், சூடு ஏறுவதற்குள் மாவு அமுங்கிவிடும். ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றுங்கள், ஈஸ்டை 3 கிராமாகக் குறையுங்கள். டிசம்பரிலும் குழி விழுந்தால், அப்போது தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: குளூட்டன் பொடி இங்கே கிடைப்பதில்லை. ஆட்டா மாவில் பாண் போட ஏலாதா?

தாராளமாகப் போடலாம். மூன்றில் ஒரு பங்கு ஆட்டாவுக்குப் பதில் வெள்ளைக் கோதுமை மா சேருங்கள், தண்ணீரை 20 மி.லி. குறையுங்கள். முழுக்க ஆட்டாதான் வேண்டுமென்றால் பாண் உயரம் குறையும், ருசி குறையாது.

மதுரையிலிருந்து: ராத்திரியே டைமர் வைத்தால் பால் ஊற்றலாமா?

கூடாது, நம் ஊர் வெக்கைக்குத் திரிந்துவிடும். தண்ணீரும் பால் பவுடரும் போடுங்கள். ஈஸ்ட் காலைவரை ஈரத்தில் படக் கூடாது.

திருச்சியிலிருந்து: இரண்டாம் நாள் பிய்த்தால் உள்ளே பிசுபிசுவென்று நூல் இழுக்கிறது. அழுகின பழ வாசனை வேறு. சுட்டுச் சாப்பிடலாமா?

வேண்டவே வேண்டாம், முழுசாகத் தூக்கிப் போடுங்கள். தவிட்டோடு வரும் பாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வேலை இது. பிரெட்டின் உள்பக்கம் வேகும்போது 100 டிகிரியைத் தாண்டாது. இதன் வித்துகள் அந்தச் சூட்டில் சாகாது. வெளியே வெக்கையாக இருந்தால் விழித்துக்கொள்ளும். டின், பிளேடு, கத்தி, டப்பா எல்லாவற்றையும் கழுவி வினிகரால் துடையுங்கள். அடுத்த முறை மாவிலேயே ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். புளிப்பில் அது வளராது, வாயிலும் தெரியாது. வெந்ததும் பிரெட்டை டின்னிலேயே விடாமல் உடனே கம்பித் தட்டுக்கு மாற்றி, ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். ஒரு நாளைக்கு வேண்டியது போக மிச்சத்தைத் துண்டு போட்டு ஃபிரீசரில் வையுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் கெடாது, ஆனால் சீக்கிரம் விறைத்துவிடும்.

சேலத்திலிருந்து: அப்பாவுக்குச் சர்க்கரை. கோதுமை பிரெட் என்றால் கவலையில்லாமல் கொடுக்கலாமா?

கவலையில்லாமல் என்று சொல்ல மாட்டேன். ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று எண்ணால் காட்டுவது கிளைசீமிக் அட்டவணை; குளுக்கோஸுக்கு 100. 2008-இல் வெளியான சர்வதேச அட்டவணையில் வெள்ளை பிரெட்டின் சராசரி 75, முழுக்கோதுமை பிரெட்டின் சராசரி 74. நார்ச்சத்து அதிகம் என்பது உண்மைதான், ஆனால் நைஸாக அரைத்த மாவு சீக்கிரம் செரித்துவிடும். எத்தனை துண்டு என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: பிளேடு பிரெட்டுக்குள் மாட்டிக்கொண்டு அடியில் பெரிய ஓட்டை!

கடைசிப் பிசைதல் முடிந்ததும் ஈரக் கையால் மாவைத் தூக்கி பிளேடை எடுத்துவிட்டு, மாவைத் திரும்ப வையுங்கள். கடைசிப் பிசைதல் எப்போது முடிகிறது என்று புத்தகத்தின் நேர அட்டவணையில் இருக்கும். மறந்துவிட்டால் பிரெட் ஆறிய பிறகு மரக்கரண்டிக் காம்பால் நெம்புங்கள். கத்தி வேண்டாம், பிளேடின் நான்ஸ்டிக் பூச்சு உரிந்துவிடும்.