‘விலைபோனவர்’ என்றால் என்ன? லஞ்சம் வாங்குகிறவரும் அவரும் ஒன்றா?

உங்களையோ உங்கள் வீட்டாரையோ யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டும் ஒன்றல்ல. பட்டா மாற்றிக் கொடுக்கக் காசு கேட்கிற அதிகாரியைக் ‘கை நீட்டுகிறார்’ என்போம். செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்கிறார், அதற்குக் காசு பிடுங்குகிறார். சரி என்று தனக்கே தெரிந்ததைக் காசுக்கோ பதவிக்கோ மாற்றிச் சொல்பவர்தான் விலைபோனவர். புறம்போக்கைத் தனியாருக்கு எழுதிக் கொடுக்கிற அதிகாரியும் இதில் சேர்த்தி. சரக்கு விலைபோனால் வியாபாரிக்குச் சந்தோஷம். மனுஷனைச் சொன்னால் அது வசவு.

எங்கள் அப்பாவை அப்படிச் சொன்னார்கள். பெரியப்பா மகனுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் வரப்புத் தகராறு. முன்பு சர்வேயர் அளந்து கல் நட்டபோது அப்பா கூடவே நின்றவர். கூண்டில் ஏறி, கல் எங்கே இருந்தது என்று உள்ளபடி சொன்னார். அது பெரியப்பா வீட்டுக்குப் பாதகமாகிவிட்டது. மறுநாளே டீக்கடையில், “காசு வாங்கிட்டான்யா, விலைபோயிட்டான்.” பெரியம்மா என் அக்கா கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அப்பா கோர்ட்டுக்குப் போன பஸ் டிக்கெட்டே அவர் கைக்காசு. மகன் அப்பாவை விட்டுக்கொடுப்பானா என்று சிலர் கேட்கலாம். அந்தக் கல் இன்றும் அங்கேதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம்.

கோர்ட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சாட்சி சொல்ல வருகிறவரை ஏன் இப்படி அலைக்கழிக்கிறார்கள்? வாய்தா மேல் வாய்தா. வயசானவர் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது, நாள் முழுக்க வராந்தாவில் நிற்க வேண்டும். பிறகு சாட்சி சொல்ல ஆள் வரவில்லை என்று குறைபட்டு என்ன பயன்?

சரி, கேள்விக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை, பேப்பரில் படித்ததை வைத்துச் சொல்கிறேன். 1993இல் நரசிம்ம ராவ் அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது, ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா கட்சி எம்.பி.க்கள் பணம் வாங்கிக்கொண்டு அரசுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டதாக வழக்கு. 1998இல் உச்ச நீதிமன்றம், வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அவர்கள் மீது வழக்குத் தொடர முடியாது என்றது. வாங்கியதாகச் சொல்லப்பட்டு, ஆனால் ஓட்டுப் போடாதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை! படித்தபோது வயிறு எரிந்தது. 2024 மார்ச் 4 அன்றுதான் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கை நீட்டி வாங்கியபோதே குற்றம் முடிந்துவிட்டது, பிறகு எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பொருட்டல்ல என்று தீர்ப்பு.

ஆகவே ஒருவரை விலைபோனவர் என்று சொல்ல, கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும், வாங்கியதும் நடந்திருக்க வேண்டும். உங்களைச் சொன்னவரிடம் யார் கொடுத்தார், எதைக் கொடுத்தார் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால், ‘எங்களுக்கு எதிராகப் பேசினார்’ என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.