ஊத்தில் தட்டலாமா?

அன்புள்ள ஐயா,

குவைத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்து கிட்டார் வாசிக்கிறேன். ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போன வருடம் ஒன்று வாங்கினேன். கிட்டாரில் எனக்கு மிகவும் பிடித்தது டாப்பிங், அதாவது மீட்டாமல் விரலால் தந்தியை அடித்தே ஸ்வரம் எழுப்புவது. வாத்தியத்தின் உடலைத் தட்டித் தாளம் போடுவதும் பிடிக்கும். ஊத்தில் டாப்பிங் செய்தால் 'தொப்' என்று மங்கலாக ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான். முகப்பலகையைத் தட்டினால் அருமையாக அதிர்கிறது. ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் அதைப் பார்த்துப் பதறி என் கையைப் பிடித்துவிட்டார். ஊத்தில் இதெல்லாம் கூடாதா? அல்லது நான்தான் தவறாகச் செய்கிறேனா?

அன்புடன்,
க., குவைத்

அன்புள்ள க.,

உங்கள் ஆசிரியர் பதறியதில் நியாயம் இருக்கிறது. ஊத்தின் முகப்பலகை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். நகம் அழுந்தினாலே தடம் விழும். என்னுடைய முதல் ஊத்தில் நான் ஆர்வத்தோடு தட்டிய இடம் இன்றைக்கும் பிறை பிறையாகத் தெரிகிறது. அந்த வாத்தியத்தை எடுக்கும்போதெல்லாம் மனம் கஷ்டப்படும். தட்டுவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் டாப்பிங்.

கிட்டாரில் விரல் தந்தியை அடிக்கும்போது தந்தி போய் மோதுவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் கம்பியில். உலோகம் உலோகத்தைத் தொடுகிறது, அல்லது நைலான் உலோகத்தைத் தொடுகிறது. அதனால்தான் அந்தத் துல்லியமான 'டிங்'. ஊத்தில் ஃப்ரெட் கிடையாது. தந்தியை நிறுத்துவது உங்கள் விரல்நுனிச் சதை. கீழே கருங்காலிப் பலகை இருந்தாலும் மேலே இருக்கும் சதை ஒலியின் கூர்மையைக் குடித்துவிடுகிறது. போதாததற்கு, ஊத்தில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. விரல் இரண்டின் மேலும் ஒரே கணத்தில், ஒரே இடத்தில் விழ வேண்டும். சற்றே சாய்ந்து விழுந்தாலும் ஒன்று முந்தும், இன்னொன்று ஸ்வரம் பிசகும். நீங்கள் கேட்ட 'தொப்' பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிட்டாரில் டாப்பிங் செய்யும் வலது கை எங்கே போகிறது? பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில், அல்லது அதற்கும் மேலே. அங்கே விரலுக்கடியில் பலகை இருக்கிறது. அரபு ஊத்தில் தந்தியின் நீளம் சுமார் 61 சென்டிமீட்டர், கழுத்து அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். அதாவது கழுத்து உடலைத் தொடும் இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது பஞ்சமம். மேல் ஸட்ஜம் 30 சென்டிமீட்டரைத் தாண்டித்தான் வரும். வழக்கமான ஊத்தில் அங்கே விரல்பலகையே கிடையாது, மெல்லிய முகப்பலகைதான். கிட்டார்க்காரர் கை தானாகப் போகிற இடம் ஊத்தில் அடிக்கவே கூடாத இடம். விரல்பலகையை ஒலித்துளை வரை நீட்டிச் செய்த ஊத்கள் இருக்கின்றன. உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு.

அப்படியானால் ஊத்தில் டாப்பிங்கே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது வளர்ந்தது இடது கையில். இங்கே ஷெரீஃப் முஹித்தீன் தர்கானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1892-இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். ஊத்தோடு, வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவும் வாசித்தவர். செல்லோவிலும் ஃப்ரெட் இல்லை. அங்கே இடது கையின் ஒவ்வொரு விரலும் தனியாக வலுவோடு விழப் பழக வேண்டும். அந்தப் பயிற்சியை அவர் ஊத்துக்குக் கொண்டுவந்தார். 1930-களில் பாக்தாத்துக்குப் போய் அங்கே இசைக்கல்லூரியை உருவாக்குவதில் பங்கெடுத்தார். ஜமீல் பஷீர், முனீர் பஷீர் சகோதரர்களும் சல்மான் ஷுக்ரும் அவரிடம் கற்றவர்கள். பாட்டுக்குத் துணைபோகிற வாத்தியமாகவே பெரும்பாலும் இருந்த ஊத், தனியாக மேடையில் அமர்ந்து ஒரு மாலை முழுக்கப் பேசும் வாத்தியமாக மாறியதில் இந்த பாக்தாத் வழிக்குப் பெரிய பங்கு உண்டு.

முனீர் பஷீரின் தக்சீம்களை இரவில், எல்லோரும் தூங்கிய பிறகு கேளுங்கள். தக்சீம் என்றால் நம்முடைய ஆலாபனை மாதிரி, தாளம் இல்லாத மனோதர்மம். ஒரு சொற்றொடர் முடிந்து ரீஷா ஓய்ந்த பிறகு, இடது கை மட்டும் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டு எழுப்பும். ரீஷா என்பது ஊத் மீட்டும் தகடு, அரபியில் இறகு என்று அர்த்தம். அந்த ஒலி மிக மெலிது. முன்னும் பின்னும் அவர் விடுகிற மௌனத்தால்தான் அது காதில் விழுகிறது. உங்களுக்கு மங்கலாகப் பட்ட அதே ஒலிதான் அது. அவர் அதைச் சத்தமாக்க முயலவில்லை, அதற்கு இடம் விட்டார். இதை நான் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று.

இதன் இன்னொரு எல்லையில் நசீர் ஷம்மா இருக்கிறார். 1963-இல் பிறந்த இராக்கியர். போரில் கை இழந்தவரும் ஊத் வாசிக்க முடியும் என்று காட்ட, ஒரே கையால் வாசிக்கும் முறையை உருவாக்கினார். இடது கை விரல்களே அடிக்கும், இழுத்து விடும், மீட்டும். டாப்பிங் என்ற உத்தி இதைவிடத் தேவையோடு பிறந்த இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

சரி, தட்டுவதற்கு வருவோம். கிட்டாரைத் தட்டுகிறவருக்கு வலது கை முழுதும் விடுதலையாக இருக்கும். ஊத்தின் முதுகு உருண்டை. மடியில் வழுக்கும். அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பதே உங்கள் வலது முன்கைதான். தட்டுவதற்காகக் கையைத் தூக்கினால் வாத்தியம் நழுவும். ரீஷாவும் கிட்டார் பிக் மாதிரி சின்னது இல்லை. நீளமாக உள்ளங்கைக்குள் போகும், விரல்கள் அதைச் சுற்றி மூடியிருக்கும். ஆகவே உங்களுக்கு மிச்சம் இருப்பது சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும். அவற்றின் சதையால் முகப்பலகையின் ஓரத்தில், உள்ளே குறுக்குச் சட்டம் போகிற இடம் பார்த்துத் தொட்டால் வறண்ட 'தெக்' வரும். குதிரைக்கு, அதாவது முகப்பலகையில் தந்திகளைக் கட்டியிருக்கும் கட்டைக்கு, பக்கத்தில் மட்டும் வேண்டாம். அத்தனை தந்திகளின் இழுவையையும் தாங்குவது அந்த ஒட்டுதான். மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊத்தின் தாளம் ஏற்கெனவே ரீஷாவில் இருக்கிறதே, அதை முழுதாக வாங்கிக்கொண்டீர்களா? தர்புக்கா என்ற அரபு முழவின் சொற்கட்டு இரண்டே சொல்: தும், தெக். மக்ஸூம் தாளம் எட்டு அட்சரத்தில் 'தும் தெக் . தெக் தும் . தெக் .' என்று போகும், புள்ளி என்றால் ஓய்வு. இதில் தும் வருகிற இடமெல்லாம் அடித்தந்தியில், அதாவது தாழ்ந்த ஸ்வரத் தந்தியில், ரீஷாவைக் கனமாக இறக்குங்கள். தெக் வருகிற இடத்தில் உயர்ந்த ஸ்வரத் தந்திகளில் லேசாக, மணிக்கட்டால் மட்டும். தந்தியைத் தாண்டி வரும் ரீஷா தவறிப் பலகையில் பட்டாலும் காயம் ஆகாமல் இருக்கத்தான் ஒலித்துளைக்கும் குதிரைக்கும் நடுவே ரக்மா என்ற காப்புத் தகட்டை ஒட்டியிருக்கிறார்கள். அங்கே அடி விழும் என்று செய்தவருக்கே தெரியும்.

நீங்கள் இருக்கும் ஊரிலேயே ஸவ்த் இசை இருக்கிறது. ஊத் வாசித்துக்கொண்டே பாடுவார்கள். பக்கத்தில் மிர்வாஸ் என்ற சின்ன இருமுக முழவு. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டுவது தனியாக ஒரு தாளக்கச்சேரி, ஒருவர் விடும் இடைவெளியில் இன்னொருவர் கை விழும். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு இரவு போய் உட்காருங்கள். அதற்கு நடுவே வாசிக்கிற ஊத்காரருக்குப் பலகையைத் தட்டத் தேவையே படாது. ரீஷாவின் எடையை மாற்றி மாற்றியே அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்றைக்கே செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். அடித்தந்தியை ரீஷாவால் ஒரு முறை இறக்கிவிட்டு ஒலிக்க விடுங்கள். அது அடங்குவதற்குள் இடது கையின் முதல், மூன்றாம் விரல்களால் உயர்ந்த ஸ்வரத் தந்தியிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஜோடியில் மாறி மாறி விழுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், வேகம்தான் முக்கியம், விழுந்த விரல் அழுத்தம் குறையாமல் நிற்க வேண்டும். அடித்தந்தியின் அதிர்வு அந்த மெல்லிய ஸ்வரங்களைத் தாங்கும். கடைசி ஸ்வரத்தில் விரலை எடுக்காமல் கால் அங்குலம் கீழே நகர்த்துங்கள். ஃப்ரெட் இல்லாததால் ஸ்வரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். கிட்டாரில் உங்களுக்கு இது கிடைத்திருக்காது. ஆசிரியர் முன்னாலேயே வாசித்துக் காட்டுங்கள், என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.