அஜந்தாவில் எத்தனை பேர் மூச்சு விடலாம்?

கேள்வி: தீபாவளி விடுமுறையில் குடும்பத்தோடு அஜந்தா சென்றிருந்தோம். காரை நான்கு கிலோமீட்டருக்கு முன்பே நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற வேண்டும் என்றார்கள். ஓவியக் குகைகளுக்குள் ஒரே சமயத்தில் 40 பேர்தான் போகலாமாம். உள்ளே போனால் கால் மணி நேரத்தில் அடுத்தவர்களுக்கு வழிவிட வேண்டுமாம். 1,500 ஆண்டுகள் தாங்கிய ஓவியம், நாங்கள் அரை மணி நேரம் பார்த்தால் கெட்டுவிடுமா?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் பார்ப்பதால் எதுவும் கெடாது, அங்கே நின்று மூச்சு விடுவதால்தான் கெடுகிறது. அஜந்தா ஓவியங்கள் ஈரச் சுண்ணாம்பில் ஊறிக் கல்லோடு கல்லாகிவிட்டவை அல்ல. கருங்கல் சுவரின் மேல் உமியும் நாரும் கலந்த மண்ணைப் பூசி, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சிட்டு, அது காய்ந்த பிறகு பசை கலந்த வண்ணத்தால் வரைந்திருக்கிறார்கள். மண்பூச்சு ஈரத்தை வாங்கினால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். தினமும் இப்படி உப்பிச் சுருங்கும் பூச்சு ஒருநாள் பாறையை விட்டுப் பெயர்ந்துவிடும். நாரையும் பசையையும் தேடி வரும் பூச்சிகளுக்கும் ஈரம் மிகவும் உகந்தது.

இனி அந்த 40 பேரைப் பாருங்கள். சும்மா நிற்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆக, 40 பேர் நிற்கும் குகை என்பது ஆயிரம் வாட் ஹீட்டர்கள் நான்கு ஒன்றாக எரியும் அறை. நாம் விடும் மூச்சில் வெளிக்காற்றைப் போல 100 மடங்கு கரியமில வாயு உண்டு. கூடவே நீராவியும் வேர்வையும். ஒரு குழு வெளியேறி அடுத்தது நுழையும் இடைவெளியில் குகை கொஞ்சமாவது ஆற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கால் மணி நேரக் கணக்கு.

1,500 ஆண்டுகள் தாங்கியது என்கிறீர்கள். அதில் பெரும்பகுதிக் காலம் அங்கே கூட்டமே இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1819 ஏப்ரலில் வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தக் குகைகளைக் கண்டார். கண்ட கையோடு 10-ஆம் குகையில், ஓவியத்தின் மேலேயே தன் பெயரைக் கீறிவிட்டும் போனார். நம் சுற்றுலாவின் தொடக்கமே அப்படி! 1920-களில் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து வல்லுநர்களை வரவழைத்தது. ஓவியத்தைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தில் அவர்கள் பூசிய அரக்கு வார்னிஷ் நாளடைவில் பழுப்பேறி, வண்ணங்களையே மங்கச் செய்தது. பின்னால் வந்தவர்கள் அதை அங்குலம் அங்குலமாக நீக்க வேண்டியிருந்தது.

கட்டுப்பாடு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்குப் ஆதிமனிதர்கள் ஓவியம் தீட்டிய பிரான்சின் லாஸ்கோ குகையே சாட்சி. 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு 1948-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அந்தக் குகைக்கு, நாளொன்றுக்கு 1,200 பேர் வரை வந்தார்கள். சுவரில் பச்சைப் பாசி படர்ந்து, கால்சைட் என்னும் வெண்ணிறச் சுண்ணாம்புக் கனிமம் படியத் தொடங்கியதும், 1963-இல் அதை அடியோடு மூடிவிட்டார்கள். இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பது நகலைத்தான். அஜந்தா குகைகளுக்கு வாசலும் ஜன்னலும் திறந்த முகப்பும் இருப்பதால் காற்று மாறுகிறது. லாஸ்கோவின் கதி இங்கே உடனே வந்துவிடாது. ஆனாலும் வாசலில் காத்து நிற்பது, வாசலையே மூடுவதைவிட மேல் அல்லவா?

பேருந்து விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். புகையைத் தள்ளி வைப்பதற்காக வந்த ஏற்பாடு அது என்றாலும், எனக்கு அதன் வேறொரு பயன்தான் பெரிதாகப் படுகிறது. கார்கள் அடிவாரம் வரை வந்தால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்து குவிவார்கள். பேருந்தோ அவர்களை மடை திறந்த தண்ணீர்போல் அல்லாமல், குடம் குடமாகக் கொண்டுவந்து இறக்குகிறது.

கேள்வி: இந்தியர்களுக்கு 40 ரூபாய்தான் நுழைவுக் கட்டணம். அதை 400 ஆக்கினால் கூட்டம் தானாகக் குறையாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: குறையலாம், ஆனால் யார் குறைவார்கள்? வேன் பிடித்து வரும் கிராமத்துக் குடும்பங்கள்தான். விடுமுறை நாளில் காலை 11 மணிக்கு முதல் குகை வாசலில் உண்டாகும் நெரிசல் அப்போதும் அப்படியேதான் இருக்கும். சிக்கல் தலை எண்ணிக்கையில் மட்டும் இல்லை; எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்வதில் இருக்கிறது. பெருவின் மச்சு பிச்சுவில் நுழைவுச்சீட்டிலேயே நேரமும் நடக்க வேண்டிய வழியும் குறிக்கப்பட்டிருக்கும். இத்தாலியின் பொம்பேயில் 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, சீட்டில் பெயரையும் அச்சிடுகிறார்கள். தாஜ்மகாலில் 2018 முதல் வளாகத்துக்கு ஒரு கட்டணமும், உள்ளே கல்லறை மாடத்துக்குத் தனியே 200 ரூபாயும் வாங்குகிறார்கள். நெரிசல் எங்கே உண்டோ அங்கே மட்டும் சுமையை ஏற்றுவதால், இந்தக் கடைசி முறை எனக்குப் பிடிக்கிறது. அஜந்தாவில் விலையைத் தொடாமல் 1, 2, 16, 17 ஆகிய நான்கு குகைகளுக்கு மட்டும் நேரம் குறித்த சீட்டு கொடுத்துப் பார்க்கலாம். குழுவுக்கு 40 பேர், மணிக்கு நான்கு குழு, நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒரு குகையை 1,280 பேர் பார்க்கலாம். அந்த எண்ணிக்கை நிறைந்துவிட்டது என்பது வீட்டிலிருந்து கிளம்புமுன்பே தெரிந்துவிட்டால், யாரும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: வரும் ஜனவரியில் போகிறோம். நெரிசலில் சிக்காமல் பார்க்க வழி உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. சனி, ஞாயிறுகளைத் தவிருங்கள். எல்லோரும் முதல் குகையிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் நேராக 26-ஆம் குகைக்கு நடந்து, சாய்ந்து கிடக்கும் புத்தரின் மகாபரிநிர்வாணச் சிற்பத்தை முதலில் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். முதல் குகைக்குள் நுழைந்ததும் செல்போன் விளக்கைப் போடாதீர்கள். அரை நிமிடம் கண்ணை மூடித் திறந்து, இருட்டுக்குப் பழகிக்கொண்டு பாருங்கள். சுவரில் வரையப்பட்ட பத்மபாணி என்ற போதிசத்துவரின் கையில் இருக்கும் தாமரை மெல்லத் துலங்கும்.