மைக்ரோகன்ட்ரோலரில் ராம் குறைவு. சி நிரலில் குளோபல் மாறிகளை எங்கே வரையறுப்பது, ஹெடரிலா (பல .சி கோப்புகள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கோப்பு)?

ஹெடரில் வேண்டவே வேண்டாம். மாறியை ஒரே ஒரு .சி கோப்பில் வரையறுங்கள். மற்ற கோப்புகளுக்கும் அது தேவை என்றால் மட்டும் ஹெடரில் எக்ஸ்டர்ன் (மாறி வேறு கோப்பில் இருக்கிறது என்ற குறிப்பு) என்று அறிவியுங்கள். எந்த .சி கோப்பு? அந்த மாறிக்கு எது பொறுப்போ அது. எல்லாவற்றையும் மெயின் கோப்பில் குவித்தாலும் பைட் கணக்கு மாறாது. ஆனால் யார் எதை மாற்றுகிறார்கள் என்று தேடியே பொழுது போய்விடும்.

கடலூரில் விவசாய மோட்டார்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்கிறேன். பயிற்சிக்கு வரும் பாலிடெக்னிக் மாணவர்கள் பலர் ஹெடரிலேயே மாறியை வரையறுப்பார்கள். கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர், ஒரே பெயர் பலமுறை வரையறுக்கப்பட்டதாகப் பிழை காட்டும். உடனே முன்னால் ஸ்டாட்டிக் (மாறியை அந்தந்தக் கோப்புக்குள் மட்டும் அடைக்கும் சொல்) சேர்ப்பார்கள், பிழை மறைந்துவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. இப்போது ஒவ்வொரு .சி கோப்புக்கும் தனித்தனி நகல்! 64 பைட் பஃபரை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) ஆறு கோப்புகள் பயன்படுத்தினால் 384 பைட் போயிற்று. ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் இருக்கும் ராமே 2048 பைட். இடம் வீணாவதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நெல்லிக்குப்பத்துக் கரும்புத் தோட்டத்துக்காகச் செய்த ஒரு பலகையில், கிணறு வற்றியதும் சென்சார் கோப்பு தன் நகலில் 1 என்று குறித்தது. மோட்டார் கோப்பு பார்த்த நகலில் இன்னும் 0. தண்ணீர் இல்லாமலே மோட்டாரை ஓடவிட்டிருக்கும். நல்லவேளை, சோதனை மேசையிலேயே தெரிந்துவிட்டது.

ஒரு கோப்புக்குள் மட்டும் புழங்கும் மாறிக்கு, அந்த .சி கோப்பிலேயே ஸ்டாட்டிக் போடுங்கள்; அது சரியான பயன்பாடு. இன்டரப்டில் (நடக்கும் வேலையை இடைநிறுத்தி ஓடும் செயற்கூறு) மாறும் மாறி என்றால், ஒவ்வொரு முறையும் மதிப்பைப் புதிதாகப் படிக்கச் சொல்லும் வாலடைலும் அவசியம்.

ராமை மிச்சப்படுத்த வேண்டும் என்றால், மாறாத அட்டவணைகளையும் திரையில் காட்டும் வாசகங்களையும் முதலில் பாருங்கள். ஏடிமெகா328பி-யில் கான்ஸ்ட் (மதிப்பு மாறாது என்ற குறிப்பு) போட்டால் மட்டும் அவை ராமை விட்டு நகராது. தொடக்கத்தில், நிரல் சேமிக்கப்படும் ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து ராமுக்கு நகலெடுக்கப்படும். இரண்டு இடத்திலும் செலவு. ஃபிளாஷிலேயே வைக்கச் சொல்லும் ப்ரோக்மெம் என்ற சொல்லால் குறித்து, ஃபிளாஷிலிருந்தே படிக்கும் செயற்கூறுகளால் படிக்க வேண்டும். ஏஆர்எம் கார்டெக்ஸ்-எம் சிப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. கான்ஸ்ட் வழக்கமாக ஃபிளாஷிலேயே தங்கும்.

ஒவ்வொரு முறை கம்பைல் செய்ததும் ஏடிமெகா சிப்புகளுக்கான ஏவிஆர்-சைஸ் கருவியில் டேட்டா (தொடக்க மதிப்புள்ள மாறிகள்), பிஎஸ்எஸ் (பூஜ்யத்தில் தொடங்கும் மாறிகள்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். செயற்கூறுகளின் உள்ளூர் மாறிகள் தங்கும் ஸ்டாக் அந்தக் கணக்கில் வராது. மீதமுள்ள ராமில்தான் அது வளர வேண்டும். அதனால் பெரிய பஃபர்களைச் செயற்கூறுக்குள் உள்ளூர் மாறியாக வைக்காமல், கோப்பு மட்டத்தில் ஸ்டாட்டிக்காக வையுங்கள். ராம் போதாவிட்டால் வயலில் அல்ல, கம்பைல் செய்யும்போதே தெரியும்.