மலைப்பாதையில் ஓடுபவர்களுக்கு எந்த இயர்போன்?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். காலை ஐந்தரைக்கு வீட்டிலிருந்து புறப்பட்டு, தோட்டத்துப் பாதை வழியே பிரதான வீதிவரை ஓடித் திரும்புவது வழக்கம். பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடினால் களைப்புத் தெரிவதில்லை. ஆனால் இயர்போன் காதிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கிறது. மழையில் பழுதாகிவிடுமோ என்ற பயமும் உண்டு. வெளிச்சத்தத்தை முழுதாக அடைக்கும் வகைதான் சிறந்தது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வெளிச்சத்தத்தை அடைக்கும் இயர்போன் விமானத்தில் போகிறவருக்கும் இரைச்சலான இடத்தில் படிக்கிறவருக்கும் அருமையான பொருள். ஹட்டன் – நுவரெலியா வீதியில் விடியற்காலையில் ஓடுகிறவருக்கு அது ஆபத்து. அந்த வளைவுகளில் பஸ்ஸின் முகப்பு விளக்கு தெரிவதற்கு முன்பே அதன் ஹார்ன் உங்களுக்குக் கேட்டாக வேண்டும். மூட்டம் இறங்கிய காலையில் பத்தடிக்கு அப்பால் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தோட்டத்துப் பாதையிலோ கொழுந்து லொறி, டிராக்டர், அவிழ்த்துவிட்ட நாய்கள். மேல்மலையில் யாராவது “குளவி, குளவி” என்று கத்தினால் அந்தக் கூச்சல் உங்கள் காதில் விழாமல் போகக்கூடாது. ஆகவே காதைத் திறந்தே வைத்திருக்கும் வகையைத்தான் முதலில் பாருங்கள். இசையின் தரத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்டவை இரண்டு உண்டு. ஒன்று, எலும்பு வழியாக ஒலியைக் கடத்துவது. அது காதுத் துவாரத்துக்குள் போகாது. காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் ஒட்டியிருந்து, அதிர்வாக ஒலியை உட்காதுக்கு அனுப்பும். ஷாக்ஸ் நிறுவனத்தின் ஓப்பன்ரன் இந்த வகைதான். எடை 26 கிராம். ஒரு தடவை சார்ஜ் செய்தால் 8 மணிநேரம் பாடும். மற்றது, காதுமடலில் கொக்கிபோல் மாட்டி, துவாரத்துக்கு வெளியே நின்று ஒலிக்கும் சிறிய ஒலிபெருக்கி. இரண்டிலும் தப்பு, உறுமி போன்ற மேளங்களின் அடித்தொனி மெலிந்துதான் கேட்கும். எலும்பு வழி வகையில் சத்தத்தை மிகவும் கூட்டினால் கன்னம் குறுகுறுக்கும். அருவிக்கரையிலும் பெரிய வாகனங்கள் ஏறும் மேட்டிலும் பாட்டு அமுங்கிப்போகும். அங்கே சத்தத்தைக் கூட்டாமல் கடந்துபோங்கள்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே போட்டுப் பாருங்கள், அதுவும் நீங்கள் ஓடும்போது அணியும் உடையோடு. குளிர்காலத்தில் கம்பளித் தொப்பியும் கழுத்துவரை ஏறிய ஜாக்கெட்டும் போடுகிறீர்கள் அல்லவா? எலும்பு வழி இயர்போனின் பின்பட்டை ஜாக்கெட் காலரில் முட்டி, தலையைத் திருப்பும்போதெல்லாம் நகரும். மூக்குக்கண்ணாடி அணிபவருக்குக் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பியும் கொக்கியும் ஒரே இடத்துக்குப் போட்டிபோடும். தலையைக் குனிந்து, நிமிர்ந்து, இருந்த இடத்திலேயே நாலைந்து முறை குதித்துப் பாருங்கள். கடையில் நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும்.

பொத்தான் உள்ளதையே எடுங்கள். விரலால் தொட்டு இயக்கும் வகை எங்கள் மலைக்குச் சரிப்படாது. ஈரவிரலுக்கு அது ஒழுங்காகப் பணியாது. மழைத்துளி பட்டாலே பாட்டு தானாக நின்றுபோகும் அல்லது அடுத்த பாட்டுக்குத் தாவும். கையுறை போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். அழுத்தினால் ‘க்ளிக்’ என்று உள்ளே போகும் பொத்தானுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

தண்ணீர் விஷயம். பெட்டியில் “வாட்டர் ப்ரூஃப்” என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஐபி என்ற எழுத்துகளும் அதன் பின்னால் இரண்டு இடங்களும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எக்ஸ் என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்துக்குத் தரம் குறிப்பிடவில்லை என்று பொருள். ஐபிஎக்ஸ் 4 என்றால் எந்தத் திசையிலிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும்; 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரையும், 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரைமணிநேரம் கிடப்பதையும் தாங்கும். நான் மேலே சொன்ன ஓப்பன்ரன் ஐபி 67. பெயர்பெற்ற ஏர்பாட்ஸ் 4 வெறும் ஐபி 54தான். விலை கூடினால் மழையையும் கூடத் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். அங்கே 5க்குக் குறைந்ததை வாங்குவது வீண் செலவு. உங்களுக்கும் அதையே சொல்வேன். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் மழை அதிகம். மிச்சக் காலத்துக்கு 4 போதும்.

இந்த ஐபி தரத்துக்கான சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பவை. வியர்வையில் உப்பு இருக்கிறது. சார்ஜ் ஏறும் சிறிய உலோகப் புள்ளிகளை அரிப்பது அந்த உப்புதான். ஓடி முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, காற்றாட வைத்த பிறகே பெட்டிக்குள் போடுங்கள் அல்லது சார்ஜில் மாட்டுங்கள். இயர்போனுக்கு இருக்கும் பாதுகாப்புத் தரம் பல கம்பனிகளின் சார்ஜ் பெட்டிக்கு இருப்பதில்லை. ஈரத்தோடு உள்ளே வைத்து மூடினால் இரண்டும் கெடும்.

புதியது வாங்க இப்போது பணம் இல்லையென்றால், இருப்பதில் ஒற்றைக் காதுக்கு மட்டும் போட்டு ஓடுங்கள். நடைபாதை இல்லாத வீதியில் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலது ஓரமாகத்தான் ஓட வேண்டும். அப்போது வீதி உங்கள் இடப்பக்கம். ஆகவே இயர்போன் வலது காதில். இடது காது திறந்திருக்கட்டும்.

கேள்வி: பண்டாரவளை டவுனில் ஒரு கடையில் புளூடூத் இயர்போன் வாங்கினேன். பெட்டியில் ஐபிஎக்ஸ் 5 என்று போட்டிருக்கிறது. ஆறு மாத வாரண்டி என்றார்கள். ஒரு மாதத்தில், தூறலில் ஓடிவந்த நாளில், ஒரு பக்கம் செத்துப்போனது. “தண்ணீர் பட்டதற்கு வாரண்டி இல்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள், உங்கள் முக்கியமான சாட்சி அதுதான். பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்று அச்சிட்டு விற்ற பொருள் தூறலுக்கே செத்தது என்றால், ஒன்று அது பழுதான பொருள், அல்லது பெட்டியில் உள்ளது பொய். பல கம்பனிகள் தண்ணீர்ச் சேதத்துக்கு வாரண்டி தருவதில்லை என்பது உண்மை. ஆனாலும் இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. முதலில் கடைக்காரரிடம் பெட்டியையும் பில்லையும் காட்டி, மாற்றித் தரும்படி அமைதியாகக் கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்; பல இடங்களில் இந்தக் கட்டத்திலேயே பேச்சு மாறிவிடும். அதற்கும் அசையாவிட்டால் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்துமூல முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது, தாமதிக்காதீர்கள்.

பில் வாங்காமல் வந்திருந்தால் இதில் பாதி வழி அடைபட்டுவிடும். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. அடுத்த முறை இன்னொன்றையும் கேளுங்கள்: வாரண்டி கடையினுடையதா, இறக்குமதி முகவருடையதா? பழுதானால் மாற்றித் தருவார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா, அனுப்பும் செலவு யாருடையது? இந்தச் சின்ன இயர்போன்களைப் பெரும்பாலும் பிரித்துப் பழுதுபார்க்க முடியாது. “திருத்தித் தருகிறோம்” என்ற வாக்கை நம்பி வாங்காதீர்கள்.

கேள்வி: மகனுக்குப் பதினாறு வயது. மாகாண மட்ட ஓட்டப்போட்டிக்குப் பயிற்சி செய்கிறான். கொட்டகலைப் பக்கம் ரயில் பாதையோரம் சமதரையாக இருப்பதால் அங்கேதான் ஹெட்போனோடு ஓடுகிறான். காது திறந்த வகையை வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. ரயில் பாதையில் ஓடுவதற்கு ஏற்ற இயர்போன் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. இறக்கத்தில் வரும் ரயில் எஞ்சினை முறுக்காமல் வரும். மூட்டத்திலும் வளைவிலும் சத்தம் கேட்கும்போது வண்டி கிட்ட வந்துவிட்டிருக்கும். சாரதி பிரேக் போட்டாலும் உடனே நிற்காது. அங்கே நடப்பதே சட்டப்படி குற்றம். பாடசாலை மைதானமோ தோட்டத்து விளையாட்டு மைதானமோ எதுவானாலும், சுற்றிச் சுற்றி ஓடுவது சலிப்பாக இருந்தாலும், அங்கே போகச் சொல்லுங்கள். வாகனம் வராத மைதானத்தில் அவன் விரும்பியதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

சத்தத்தின் அளவை மட்டும் நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணிநேரம், 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75. பெரும்பாலான தொலைபேசிகளில் சத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம். இன்று இரவே அவனோடு உட்கார்ந்து அதை வைத்துவிடுங்கள்.

கேள்வி: காதை மூடும் பெரிய ஹெட்போனை உடற்பயிற்சிக் கூடத்தில் பாவிக்கலாமா?

பதில்: பளு தூக்கப் பாவிக்கலாம். ஓடவோ குதிக்கவோ வேண்டாம், பாரத்தால் நழுவும். காதைச் சுற்றியுள்ள மெத்தை வியர்வையைக் குடித்து நாறும், சில மாதத்தில் உரியும். கழற்றி மாற்றக்கூடிய மெத்தை உள்ளதாகவும், மாற்று மெத்தை தனியாகக் கிடைப்பதாகவும் பார்த்து வாங்குங்கள்.