60 டாலர் சாப்பாடு 77 டாலர் ஆன கணக்கு

கேள்வி: அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்குவதற்காக நானும் என் மனைவியும் வந்திருக்கிறோம். சென்ற வாரம் ஓர் உணவகத்தில் 60 டாலருக்குச் சாப்பிட்டோம். மகள் கொடுத்ததோ ஏறக்குறைய 77 டாலர். கேட்டால், “இங்கே இப்படித்தான் அப்பா” என்கிறாள். சோம்புத் தட்டில் இருபது ரூபாய் வைத்துப் பழகிய எனக்கு, டிப்ஸ் கட்டாயமா, எங்கே எவ்வளவு தர வேண்டும் என்பது விளங்கவில்லை.

பதில்: உங்கள் மகள் கொடுத்த தொகையில் வரியும் டிப்ஸும் கலந்திருக்கின்றன. முதலில் வரியைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி.யில் வரியும் அடக்கம். அமெரிக்காவில் விற்பனை வரியை மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தனித்தனியே விதிப்பதால், விலைச்சீட்டிலும் மெனு அட்டையிலும் வரி சேராத விலையையே போடுகிறார்கள். டெக்சஸில் மாநில வரி 6.25 சதவீதம், உள்ளாட்சி வரியும் சேர்ந்தால் ஹூஸ்டனில் 8.25 சதவீதம். ஆகவே 60 டாலர் உணவு 64.95 ஆகிறது. இதில் பேரத்துக்கு இடமில்லை. மீதி 12 டாலர்தான் டிப்ஸ்; அதாவது 60 டாலரில் 20 சதவீதம்.

டிப்ஸ் தந்தாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அதை அன்பளிப்பாக நினைத்தால் கணக்குத் தவறிவிடும். நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் பெறும் ஊழியருக்கோ, முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. இந்தத் தொகை 1991-இல் நிர்ணயிக்கப்பட்டு இன்றுவரை ஒரு சென்ட்கூட உயரவில்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25-ஐ எட்டாவிட்டால் குறையை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பதும் சட்டமே. டெக்சஸ் இந்த 2.13 டாலரையே பின்பற்றுகிறது. உங்கள் மேசைக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெண்ணின் சம்பளத்தில் பெரும்பகுதியை நீங்கள்தான் தருகிறீர்கள் என்பதே இதன் பொருள். முதலாளியின் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டும் இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதன்று. ஆனால் அந்தக் கோபத்தைப் பரிமாறுபவரிடம் காட்டுவது முறையாகாது.

அமெரிக்கர்களே இதை எதிர்த்த காலம் உண்டு. 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைச் சட்டத்தாலேயே தடை செய்தது. சில ஆண்டுகளில் அச்சட்டம் நீக்கப்பட்டது. புல்மன் நிறுவனத்தின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பின ஊழியர்கள், அற்பச் சம்பளத்தோடு பயணிகள் தரும் சில்லறையை நம்பியே வாழ்ந்தார்கள். 1925-இல் அவர்கள் அமைத்த சங்கம் 1937-இல்தான் அந்த நிறுவனத்துடன் ஊதிய ஒப்பந்தம் செய்ய முடிந்தது.

இனி நடைமுறைக்கு வருவோம். மேசைக்கு வந்து பரிமாறும் உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம். இதை வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டால் போதும். சாப்பாடு சரியில்லையென்றால் மேலாளரிடம் சொல்லுங்கள். சமையலறைத் தவறுக்காக டிப்ஸைப் பூஜ்யமாக்காதீர்கள். பல உணவகங்களில் பரிமாறுபவர் தம் டிப்ஸில் ஒரு பங்கை மேசை துடைப்பவருக்கும் பானம் கலப்பவருக்கும் கொடுத்தாக வேண்டும். பஃபே என்றால் 10 சதவீதம் பொருத்தம். முடிதிருத்துபவருக்கும் டாக்சி ஓட்டுநருக்கும் 15 முதல் 20 சதவீதம் வரை தருவது வழக்கம்.

நீங்களே வரிசையில் நின்று காப்பி வாங்கும் கடையில், கார்டைத் தேய்த்ததும் சிறு திரையொன்று உங்கள் பக்கம் திரும்பி 18, 20, 25 சதவீதம் என்று கேட்கும். பின்னால் நாலு பேர் நிற்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம். ‘நோ டிப்’ என்ற பொத்தானும் அங்கேயே இருக்கும், அதை அழுத்துவது அநாகரிகமாகாது. மளிகைக் கடையிலும் மருத்துவமனையிலும் டிப்ஸ் கிடையாது. தபால்காரருக்குப் பணம் கொடுக்கவே கூடாது. ரொக்கம் வாங்குவது அவருடைய பணிவிதிக்குப் புறம்பானது.

ஆறு பேரோ எட்டுப் பேரோ குடும்பத்தோடு போனால் பில்லை ஒருமுறை ஊன்றிப் படியுங்கள். ‘கிராஜுவிட்டி’ என்று ஒரு தொகை போட்டிருக்கலாம். நம் ஊரில் அது ஓய்வுபெறும்போது வரும் பணம். அங்கே அது டிப்ஸ். உணவகமே 18 அல்லது 20 சதவீதத்தைச் சேர்த்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் கீழே மறுபடியும் டிப்ஸ் எழுதி இருமுறை கொடுத்தவர்களை நான் அறிவேன்.

கார்டு சீட்டில் நிரப்பும் முறையும் நமக்குப் புதிது. பரிமாறுபவர் கருப்பு அட்டைக்குள் இரண்டு சீட்டுகளை வைத்துத் தருவார். ‘டிப்’ என்ற கோட்டில் தொகையையும், ‘டோட்டல்’ என்ற கோட்டில் கூட்டுத்தொகையையும் நீங்களே எழுதிக் கையெழுத்திட்டு, கடைப்பிரதியை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ள வேண்டும். வங்கியிலிருந்து முதலில் 64.95 என்று குறுஞ்செய்தி வந்து, ஓரிரு நாளில் அது 76.95 ஆக மாறினால் பதற வேண்டாம். டிப்ஸை ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கோட்டில் ‘கேஷ்’ என்று எழுதிவிடுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள்.

ஊர் சுற்றப்போய் விடுதியில் தங்கினால், அறையைச் சுத்தம் செய்பவருக்கு இரவுக்கு 2 முதல் 5 டாலர். இதைக் கிளம்பும் நாளில் மொத்தமாக வைக்காமல் தினமும் காலையில் வையுங்கள்; மறுநாள் வருபவர் வேறொருவராக இருக்கலாம். இதற்காகப் பையில் ஒரு டாலர் தாள்கள் பத்துப் பதினைந்து இருப்பது நல்லது. ரூபாய் நோட்டுகளைப் போலன்றி அமெரிக்கத் தாள்கள் எல்லாம் ஒரே அளவு, நிறமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே இருபது டாலர் தாள்களைப் பையின் வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.