கெர்னல் மாறியதும் விண்டோஸ் திறக்கவில்லையா?

கேள்வி: வீட்டிலிருந்தபடி சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். மடிக்கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 24.04 இருக்கிறது. ஜி.எஸ்.டி. படிவங்களில் கையொப்பமிடும் யு.எஸ்.பி. டோக்கனுக்காக கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் வைத்திருக்கிறேன். உபுண்டுவைப் புதுப்பித்த மறுநாள், 'கெர்னல் டிரைவர் நிறுவப்படவில்லை' என்று நின்றுவிட்டது. கடைக்காரர் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு சரிசெய்தார். அடுத்த மாதமே மறுபடியும் அதே பிழை. இப்போது, டோக்கன் தெரிய வேண்டுமென்றால் கூடுதல் தொகுப்பு ஒன்றை விலைக்கு வாங்க வேண்டும் என்கிறார். வாங்கலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பேக் எனப்படும் அந்தத் தொகுப்பு ஒருகாலத்தில் யு.எஸ்.பி. 2, 3 வகைகளுக்குத் தேவைப்பட்டது உண்மைதான். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் அந்த வசதி இலவசமான அடிப்படை மென்பொருளிலேயே வந்துவிட்டது. டோக்கன் தெரியாததற்குப் பெரும்பாலும் காரணம், உங்கள் பயனர் பெயர் 'விபாக்ஸ்யூசர்ஸ்' என்ற குழுவில் இல்லாததுதான். அதில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். எக்ஸ்டென்ஷன் பேக் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். நீங்கள் தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்கள். தேவையில்லாத ஒன்றுக்கு உரிமத் தொகை எதற்கு?

இனி, மாதாமாதம் வரும் பிழை. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கென்றே கட்டப்படுவது. கெர்னல் மாறினால் டிரைவரையும் புதிதாகக் கட்டியாக வேண்டும். அதைத் தானாகச் செய்யும் ஏற்பாட்டுக்கு டி.கே.எம்.எஸ். என்று பெயர். அதுவும், டிரைவரைக் கட்டத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகளும் கணினியில் இருந்தால் கடைக்குப் போக வேண்டிய வேலையே இல்லை. உபுண்டுவே மென்பொருள்களை வழங்கும் அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து விர்ச்சுவல்பாக்ஸையும் அதன் டி.கே.எம்.எஸ். தொகுப்பையும் சேர்த்தே நிறுவுங்கள். வேறு இடத்திலிருந்து இறக்கியது ஏற்கெனவே இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது. நீக்கும் முன் உள்ளே இருக்கும் விண்டோஸை முறையாக அணைத்துவிட்டு, அதன் கோப்புறை முழுவதையும் வெளி வட்டில் நகலெடுத்து வையுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே தொடக்கத்தில் ஏற்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து, பத்து விநாடி மட்டும் காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் எம்.ஓ.கே.' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் டிரைவர் கட்டப்பட்டிருந்தும் கெர்னல் அதை ஏற்காது. என்னைக் கேட்டால், இந்த ஒரு திரையைக் காட்டிக் கொடுத்திருந்தால் உங்கள் 1,200 ரூபாய் மிஞ்சியிருக்கக் கூடும்.

மாதாந்தர ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான 20ஆம் தேதி நெருங்கும் வாரத்தில் எதையும் புதுப்பிக்காதீர்கள். மீறி மாட்டிக்கொண்டால், கணினி தொடங்கும்போது மேம்பட்ட தேர்வுகளில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். அன்றைய தாக்கலை முடித்துவிடலாம்.

செலவு செய்ய வேண்டிய இடம் விண்டோஸ் உரிமம்தான். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம் என்பதால் உள்ளே ஓடும் விண்டோஸும் இலவசமாகிவிடாது. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் சாவிகளை நம்பி வாடிக்கையாளரின் கணக்கை அதில் வைக்காதீர்கள்.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவைப் பணம் கட்டி வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார்களே?
— அதே வாசகி

பதில்: 2024 நவம்பர் முதல் அது தொழில் பயன்பாட்டுக்கும் இலவசம், பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதுவும் கெர்னலுக்கேற்ப டிரைவர் கட்டுவதுதான், ஆகவே தொல்லை தீராது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, கணினிக்குள் கணினியை ஓட்ட லினக்ஸிலேயே உள்ள வசதியான கே.வி.எம். 2007 முதல் அது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னலைப் புதுப்பித்தால் அதுவும் கூடவே புதுப்பிக்கப்படும். 'விர்ட்-மேனேஜர்' என்ற ஜன்னலில் இயக்கலாம். உங்கள் விண்டோஸ் இப்போது ஒழுங்காக ஓடுகிறதென்றால், அடுத்த கணினி வாங்கும்போது மாறிக்கொள்ளுங்கள்.